பெயர் தெரியாத நபர்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பக்கத்துப் பெண்களை மாடுகள் முட்டிக்கொண்டே இருந்தன. முகத்தில் முட்டின, முதுகில் முட்டின, காது மடலோடு சேர்த்துத் தோட்டைப் பிய்த்துக்கொண்டு போயின. ஏர் ஓட்டுகிறவன், வண்டி பூட்டுகிறவன், சந்தைக்குப் பிடித்துப் போகிறவன் எல்லாம் ஆண்தான். அவனை விட்டுவிட்டு, அடுப்படியில் இருந்த பெண்ணைத் தேடிப் போய் முட்டியிருந்தது மாடு. மாடு முட்டாத நாட்களில் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். அதுவும் இல்லையென்றால் பரண் மேலிருந்து ஏதாவது ஒரு அண்டா அவள் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. திருச்சியில் புள்ளியியல் படித்து முடித்த கையோடு எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. காயத்தோடு வருகிறவர்களின் விவரங்களை ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தொகுத்து, அரியலூரில் மாடியில் இருந்த எங்கள் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஊர் பெயர் வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். அதைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் மடியில் தாளை வைத்துச் சதவீதம் போட்டுக்கொண்டே போவேன். அப்படி ஒரு வேகம் எனக்கு. கணக்கு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் காயக்காரர்களை விசாரித்து எழுத ஒரு ரைட்டர் இருந்தார். டாக்டர் காயத்தைப் பார்ப்பார், கட்டுப் போடச் சொல்வார், கையெழுத்து வைப்பார். காயம் எப்படி வந்தது என்று கேட்டு எழுதுவது ரைட்டரின் வேலை. அவர் ஒரு கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஜன்னலில் யார் பேச வேண்டும் என்பதற்கு ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கூட வந்த ஆம்பளை பேசுவான். அடிபட்டவள் பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"மாடு முட்டிடுச்சுங்க."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கங்க."

"மாட்டுக்கு எடதா, பொம்பளைக்கு எடதா?" என்பார் ரைட்டர். அவனும் சிரிப்பான். எழுதியாகிவிடும்.

அவன் போனபிறகு நான் கேட்டேன்: "தெரிஞ்சேதானே எழுதுறீங்க?"

"எனக்கு என்னம்மா தெரியும்? வந்தவன் சொல்றான், எழுதுறேன். நான் மாட்டையும் பாக்கல, மனுசனையும் பாக்கல."

அன்று இரவோடு இரவாக ஒரு யோசனையை எழுதி, மறுநாளே அரியலூருக்குப் போய் அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். அடிபட்ட பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். அதற்கு விவரத்தாளில் புதிதாக இரண்டு கட்டங்கள் வேண்டும். காயப்படுத்தியவர் பெயர் ஒன்று, அவர் அவளுக்கு என்ன உறவு என்பது இன்னொன்று.

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "ஏம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் கவர்மென்ட் கணக்குல வருமா?"

"மாடு முட்டினதே வருதே சார்."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான். அடிமட்டத்தை எடுத்து ஸ்டென்சில் தாளின் அகலத்தை அளந்து பார்த்தார். "ஒரு கட்டத்துக்குத்தாம்மா எடம் இருக்கு."

"அப்ப உறவை வச்சுக்கலாம் சார்."

"பேரு இல்லாம உறவை வச்சுக்கிட்டு என்ன பண்றது? புருஷன்னு எழுதுவ. எந்தப் புருஷன், யாரோட புருஷன்? பேரு இருந்தா உறவை அப்புறம் விசாரிச்சுக்கலாம்."

ஒரு கட்டமாவது வந்ததே என்று ஸ்டென்சில் மை காயாத தாள்களைக் கட்டாக வாங்கிக்கொண்டு வந்தேன். தாளின் அடியில் அவரே ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: அடிபட்டவர் தாமே பெயரைச் சொன்னால் மட்டும் எழுதவும், சொல்லாவிட்டால் ‘பெயர் தெரியாத நபர்’ என்று எழுதவும்.

சில மாதங்களில் அவள் வந்தாள். என் வயதுதான் இருப்பாள். இடது முன்கை முறிந்து தொங்கியது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கூட வந்தது புருஷன் இல்லை, அண்ணன். அதனால் பேச்சு சுலபமாக வந்தது. அண்ணனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

"யாரும்மா அடிச்சது?"

"அவங்கதான்."

"அவங்கன்னா?"

"இவ அப்பா." குழந்தையைக் காட்டினாள்.

இத்தனை மாட்டுக்கும் நடுவே முதல் முறையாக ஒரு மனிதன்.

"எதுக்கு அடிச்சாரு?"

"எங்கண்ணன், எங்க கல்யாணத்தப்ப ஒரு கறவை மாடு தரேன்னு சொல்லியிருந்துச்சு. தர முடியல. மாடு எங்கடி, மாடு எங்கடின்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்க. இந்தத் தடவை உலக்கையால."

"அவரு பேரு?" என்றார் ரைட்டர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு சொல்லும்மா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"ரெண்டு பொண்டாட்டி கட்டின சாமி பேருங்க."

"அந்தச் சாமிக்கு நூத்தியெட்டு பேரு இருக்கு. நான் எதை எழுதட்டும்?"

"மலைமேல இருப்பாரே..."

"எல்லா மலையிலயும்தான் இருக்காரு. ஏம்மா, இங்க கட்டு போட வந்தியா, விடுகதை போட வந்தியா?"

நான் உள்ளே புகுந்து, "நீ சொல்லிடும்மா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சொன்னா அவங்க ஆயுசு கொறஞ்சிடும் டீச்சரம்மா." நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் படித்தவள் என்றால் டீச்சரம்மாதான்.

"கையை ஒடிச்சவன் ஆயுசு கொறஞ்சா கொறையட்டுமே!"

அந்த வலியிலும் அவள் சிரித்தாள். "நீங்க ஒருத்தரைக் கட்டிக்கிட்டு வந்து, அப்புறம் இதைச் சொல்லுங்க."

எழுதிக் காட்டு என்றேன். அவளுக்கு எழுதத் தெரியாது. குழந்தையைக் கேட்டேன்: "உங்கப்பா பேரு என்ன கண்ணு?" அது யோசித்து, "அப்பா" என்றது.

வெளியே நின்ற அண்ணனிடம் பெயரைக் கேட்டுச் சொன்னேன். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பக்கத்துல நிக்கிறவன் சொன்ன பேரை நம்பி ஒரு தரம் எழுதிட்டு, கோர்ட்டுக்கு அலைஞ்சே என் செருப்பு தேஞ்சுது. கேட்டாங்களே அங்க, ‘அடிபட்டவ சொன்னாளா, நீயா எழுதினியா’ன்னு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா. உங்க தாள்லயே போட்டிருக்கு பாருங்க, தாமே சொன்னால் மட்டும்னு." தன் நீல மையில் நிதானமாக எழுதினார்: பெயர் தெரியாத நபர்.

அண்ணனுக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். தங்கச்சியும் குழந்தையும் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவன் கேட்கப்போகிறான். "வாயால சொன்னா, அவளே எங்கியாவது விழுந்திருப்பான்னுடுவாங்க. ஆஸ்பத்திரி எழுத்து ஒண்ணு கையில இருந்தா நான் பேசிடுவேங்க. இன்னொரு தரம் இவளை அங்க அனுப்பினா பொணமாத்தான் வருவா." அவன் மிரட்டிச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

"இந்தக் காப்பியை இப்ப வாங்காதீங்க. நான் அரியலூருக்குப் போய் மாத்தி வாங்கிட்டு வரேன்" என்றேன்.

போனேன். பெயர்க் கட்டத்தில் பெயருக்குப் பதில் ‘கணவர்’ என்று எழுத அனுமதித்து ஒரு வரி உத்தரவு போதும். அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்காத குறை. "வாம்மா, வா. உன் கட்டத்துக்கு மேலேயிருந்து பாராட்டு வந்திருக்கு" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

முன்பே அனுப்பியிருந்த தொகுப்பை மேலே படித்திருக்கிறார்கள். அவளுக்கு முன்னால், தனியாகக் கேட்டும் வாய் திறக்காத பெண்களுக்கெல்லாம் ரைட்டர் அதையேதான் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெயர் தெரியாத நபர்கள் பெண்களைத் தாக்குவது இதுவரை கவனத்துக்கே வராமல் இருந்திருக்கிறது. இப்போது வந்துவிட்டது. உடனே நடவடிக்கை எடுக்கச் சொல்லியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்களைக் கிளப்பிவிடுவார்கள். வளையல்காரர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், கிளி ஜோசியர் என்று வெளியாள் எவரையும் விசாரிக்காமல் ஊருக்குள் விடமாட்டார்கள். பெண்கள் பொழுது சாய்ந்தபிறகு வெளியே வர வேண்டாம், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கவும் என்று ஊர் ஊராகத் தண்டோரா போடுவார்கள்.

படித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடிதத்தை மேஜைமேல் திருப்பி வைத்தேன்.

"சார், அந்த நபர் உள்ளதான் இருக்கான். அவனோட சேத்துவச்சுத் தாழ் போடச் சொல்றீங்க."

"என்னம்மா சொல்ற?"

விளக்கிச் சொன்னேன். கட்டிய பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவருக்குத் தெரியாததா? அவர் வீட்டிலும் யாரும் அவர் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா இப்ப மாத்தினா, மேல போனது தப்புன்னு ஆயிடும். தப்புக்குப் பாராட்டு வாங்கினோம்னு ஆயிடும். அடுத்த வருஷம் தாள் அடிக்கிறப்ப பாத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பேச்சு இருக்கு சார்."

"எவளுக்கு?" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தொகுப்பில் அவள் எண்ணிக்கைக்குப் போடுகிற ஒரு கோடுதானே.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் ஊருக்கே பஸ் ஏறினேன். உத்தரவு இல்லை. அந்தக் காப்பியை மட்டும் வெளியே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும் என்று போனேன். பஸ் வழியில் பழுதாகி நின்றது. இறங்கி, பருத்திக் காடுகளுக்கு நடுவே நடந்து போய்ச் சேர்ந்தபோது பால் சொசைட்டி வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பெரியவர்கள் சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்தார்கள். காலி கேன்களிலிருந்து புளித்த வாடை வந்தது. ஒரு ஓரமாக அவள், மாவுக்கட்டுக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்புறம் அவள் புருஷன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அபராதம் கட்டவும் மன்னிப்புக் கேட்கவும் தயாராகி வந்தவன் மாதிரிதான் இருந்தான்.

பொறுக்க முடியாமல் முந்தின நாளே அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காப்பியை வாங்கி வந்திருக்கிறான். அவனுக்குப் படிக்க வராது. சொசைட்டி செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்: "இடது முன்கை எலும்பு முறிவு... தாக்கியவர் பெயர்... பெயர் தெரியாத நபர்."

எல்லோருக்கும் முன்னால் அதைப் புரிந்துகொண்டவன் அவள் புருஷன்தான். தொங்கிக்கொண்டிருந்த தலை மெதுவாக நிமிர்ந்தது.

"எவன்டி அவன்?" என்றான்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். தாள், கட்டம், குறிப்பு, ரைட்டர் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். படியில் இருந்த பெரியவர் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "அப்ப கவர்மென்ட் எழுத்து பொய்ங்கறீங்களா டீச்சரம்மா?"

"பொய்னு சொல்லலீங்க. அதுல..."

"பொய் இல்லன்னா நெசந்தான?"

"இவரு அடிச்சதாத்தான் அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் காதால கேட்டேன்."

"கேட்டீங்க. பாத்தீங்களா?"

பின்னாலிருந்து ஒருத்தன், "அதான் தண்டோரா போட்டானே, வெளியாளுங்க சுத்துறானுங்கன்னு" என்றான். இன்னொருத்தன், "வெளியாளுக்கு இவ வூட்டு வழி எப்படித் தெரிஞ்சுதாம்?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று.

பெரியவர் கையமர்த்தினார். "இரு, இரு. அது வாயாலயே கேட்ருவோம். ஏ புள்ள, எல்லாருக்கும் முன்னால சொல்லு. ஒன்னை அடிச்சது யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அவங்க என்று சொல்லவில்லை, இவ அப்பா என்று சொல்லவில்லை. பெயரையே சொன்னாள், கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும்படி வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல அவள் பட்ட பாட்டுக்கு முன்னால் நான் சும்மா எழுதிவிட்டுப் போக முடியாது.

என் உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. சொல்லிவிட்டாள், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மூச்சு ஒன்று விடுகிற நேரம் அப்படி நினைத்தேன்.

அவன் அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எம் புள்ள பேரைச் சொல்லிட்டாளே! கூட்டத்துல வச்சுக் கூப்புடுறாளே!" பெண்கள் பக்கத்திலிருந்தே முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பெரியவர் படியிலிருந்து எழுந்து துண்டை உதறினார். "புருஷன் பேரை நாக்கு கூசாம சொல்ற பொம்பளை வேற என்னதான் சொல்ல மாட்டா?"

அப்போது அண்ணன் அவளை அடித்தான். கன்னத்தில், ஒரே அடி. "அடிக்காதப்பா, விடுப்பா" என்று நாலு பேர் பிடித்தார்கள். அடித்துவிட்டு அவனே கேன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அவள் அழவில்லை. நல்ல கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குமேல் பேச்சு இல்லை. மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். குழந்தை போகிற பக்கம் அவளும் போக வேண்டியதாயிற்று. அவள் புருஷன் கடைசியாக, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் போனான். நான் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். காப்பியைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோய்க் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாத நபரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்கள்.

வருஷ முடிவில் புதிய தொகுப்பு தயாரானது. பெயர் தெரியாத நபர்களால் காயம்பட்ட பெண்கள் வெகுவாகக் குறைந்துபோயிருந்தார்கள். பால் சொசைட்டியில் நடந்தது சுற்றுவட்டம் முழுக்கப் பரவியிருந்தது. ஜன்னலுக்குத் தனியாகக் கூப்பிட்டால் பெண்கள் பதறிப்போய்ப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எடுத்த நடவடிக்கைக்குப் பலன் கிடைத்திருக்கிறது என்று மேலேயிருந்து எழுதியிருந்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டதால் அந்தக் கட்டம் இனித் தேவையில்லை என்றும் இருந்தது. மாடு முட்டுவது மட்டும் கூடியிருந்ததால் கால்நடைத் துறைக்கு ஒரு நகல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். நான்தான் கார்பன் வைத்து எழுதினேன்.

கட்டம் இல்லாத புதுத் தாள் வந்தபிறகு, ரைட்டர் மகள் கல்யாணத்துக்காக லீவில் போனார். ஜன்னலில் என்னை உட்காரச் சொன்னார்கள். ஒருநாள் நடுப்பகலில் நிமிர்ந்து பார்த்தால் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முறிந்த கை கோணலாகக் கூடியிருந்தது. அவள் புருஷன் ஜன்னல் பக்கம்கூட வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். வர வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். தெரிந்தது மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

நான் கேட்பதற்கு முன்னாலேயே, "மாடு முட்டிடுச்சுங்க" என்றாள்.

"எந்த மாடு?"

"எங்க வூட்டு மாடுதாங்க."

அவள் அண்ணனால் இன்னும் மாடு வாங்கித் தர முடியவில்லை என்று எனக்குத் தெரியும். தொழுவம் காலியாக இருப்பதுதான் அத்தனைக்கும் காரணம் என்றும் தெரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தாளில் வேறு எதையும் எழுத இடமில்லை. இருந்தாலும், எழுதியது அவளை எங்கே கொண்டுபோய்விடும் என்று பார்த்தாயிற்று.

அவள் திரும்பி டீக்கடையைப் பார்த்தாள். அவன் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தான்.

"எழுதுங்க டீச்சரம்மா," என்றாள், "பஸ் போயிடும்."

எழுதினேன்.